மூணு நாளா பாக்காத முதுகு

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.

காலையில நீங்க குப்புறப் படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தப்போ பாத்தேன். தோள்பட்டைக்குக் கீழ ஒரு உண்ணி கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காட்டுல மரம் அளந்தப்போ ஏறினதுதான். எப்பவும் வீட்டுக்கு வந்ததும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் பாப்போம். அன்னைக்கு வண்டியிலேயே சண்டை. மூணு நாளா முதுகைக் காட்டிக்கிட்டுதான் படுக்கிறோம், பாக்கத்தான் இல்ல.

புருவ முடி எடுக்குற இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு, நேரா இழுத்து எடுத்துட்டேன். கடிச்ச இடத்தை சோப்பு போட்டுக் கழுவுங்க. மாத்திரை டப்பாவுல அந்த உண்ணியைப் போட்டுத் தேதி எழுதியிருக்கேன், தூக்கிப் போட்டுராதீங்க. காய்ச்சலோ சிவப்போ வந்தா டாக்டர்கிட்ட காட்டணும்.

ஆறு மணிக்கு வந்துருவேன். உங்க மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வைங்க.

அன்னைக்கு நானும்தான் உங்ககூட காட்டுல இருந்தேன். என் முதுகை இன்னும் யாரும் பாக்கல.