அண்ணாவின் கல்லறையில் வால் நீண்ட கார்

என் அருமை அண்ணா, தீராத றேஸ் பைத்தியமே,

முதலில் நல்ல செய்தி. உன் கல்லறைக்குக் கல் வைத்தாயிற்று. அதில் உன் வால் நீண்ட கார் செதுக்கியிருக்கிறது. இதற்காக நான் யாரோடெல்லாம் மல்லுக்கு நின்றேன் என்று சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நீ சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும், எனக்கென்ன பயம்?

இப்போது நம் பக்கம் நிறையப் பேர் வந்து போகிறார்கள். கமெராவும் கையுமாக வந்து, செத்தவர்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். "உங்கள் அண்ணா சுனாமியிலா, யுத்தத்திலா?" என்று என்னிடமும் கேட்டார்கள். இரண்டிலும் இல்லை, நெஞ்சு வலியில் என்றேன். பாவம், முகம் வாடிப்போய்த் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நமக்கு நடந்ததைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நமக்குப் பிடித்ததைக் கேட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கப்பலில் வேலை செய்த மாமா கொண்டுவந்த வீடியோ கசெற்றுகள் ஞாபகமா? கரண்ட் இல்லாத காலம். பக்கத்து வீட்டு ஜெனரேற்றரில் இருந்து வயர் இழுத்து, கறுப்பு வெள்ளை ரீவியில் போடுவாய். நிறம் சொல்வது உன் வேலை. "இது இளநீலம், நடுவில செம்மஞ்சள் கோடு" என்பாய், நேரில் பார்த்தவன் மாதிரி. மாமாவின் பழைய சஞ்சிகைகளைப் பார்த்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாய்.

பிரான்சில் ஒரு ஊர். பகலும் இரவுமாக ஒரு நாள் முழுக்க நடக்கும் ஓட்டம். வேகம் மட்டும் போதாது, காரும் தாங்க வேண்டும், ஆளும் தாங்க வேண்டும். ஒருவர் களைத்தால் அதே காரில் மற்றவர் ஏறுவார். முந்திய காலத்தில் டிரைவர்கள் றோட்டின் ஒரு கரையில் நிற்பார்கள், கார்கள் மறுகரையில் நிற்கும். கொடி அசைந்ததும் குறுக்கே ஓடிப்போய், பாய்ந்து ஏறி, பறப்பார்கள். நாமும் சைக்கிள்களை வாவிக்கரையில் சாத்திவிட்டு அப்படி எத்தனை தரம் ஓடினோம்! ஒரு தரம் நீ சைக்கிளோடு வாவிக்குள் போனாய். சேற்றோடு எழும்பி வந்து, "பிரேக் பெயிலியர்" என்று அம்மாவிடம் அறிக்கை கொடுத்தாய்.

அந்த ஜப்பான் கார் வென்ற கசெற்றை நாடா தேயும்வரை பார்த்தோம். பச்சையும் செம்மஞ்சளுமாம். மற்ற கார்கள் உறுமும்போது அது மட்டும் வீறிட்டுக் கத்தியது. அடுத்த வருடம் சட்டம் மாறி, அந்த மாதிரி எஞ்சினுக்கே இடமில்லாமல் போனது. "வெல்லத் தெரிஞ்சவனுக்குத்தான் சட்டம் போடுவானுகள்" என்று நீ சொன்னபோது உன் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அந்த ஓட்டத்தில் மரங்களுக்கு நடுவே நெடுநீளமாக ஒரு நேர் றோட்டு இருந்தது. கார்களுக்குப் பின்பக்கம் வாலை நீட்டி வைத்ததே அந்த றோட்டில் இன்னும் வேகமாகப் பறக்கத்தான் என்பாய். பிறகு வேகம் கூடிப் போச்சென்று அதில் இரண்டு வளைவுகளை வைத்துவிட்டார்கள். நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "இஞ்ச சனம் சோத்துக்கு அலையுது, இவனுக்குப் பிரான்ஸ் றோட்டு வளைஞ்சதுதான் கவலை" என்று அம்மா அகப்பையைத் தூக்கினார். அந்த நாட்களில்தான் செட்டிபாளையத்துக்குப் போகும் நம் றோட்டிலும் ஆமிக்காரர் தார்ப் பீப்பாக்களை இடமும் வலமுமாக உருட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே நூல் பிடித்த மாதிரி ஓடிய றோட்டு. "பாத்தியா, எங்கட நேர் றோட்டுக்கும் வளைவு வச்சிட்டானுகள்" என்று பல்லைக் கடித்தாய். நீ சாப்பிடாமல் கிடந்தது பிரான்சுக்காக மட்டுமில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பீப்பாக்களை இப்போது எடுத்துவிட்டார்கள், அண்ணா. றோட்டுக்குப் புதுத் தார் போடுகிறார்கள். நீ ஓட்டிய நம் பழைய வான் வண்டியே அதில் வழுக்கிக்கொண்டு போகிறது. பிரான்சில் இப்போது டீசல் கார்தான் வெல்கிறதாம், சத்தமே இல்லையாம். நம் வானும் டீசல்தானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நீ இருந்திருந்தால் அதற்கும் யாரையாவது திட்டித் தீர்த்திருப்பாய்.

சரி, கல்லுக்காக நான் போட்ட சண்டைக்கு வருகிறேன். அதற்கு சுனாமி வந்த அந்த நத்தார் மறுநாளைச் சொல்லாமல் முடியாது. ஞாயிறு ஆராதனையில் இருந்தோம். கடல் வருகிறது என்று கடற்கரைச் சனம் பாலத்தால் நாம் இருந்த புளியந்தீவுக்குள் ஓடி வந்தது. நீ வானை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாய். நான் பக்கத்து சீற்றில். எத்தனை தரம் போய் வந்தோம், யார் யாரை ஏற்றினோம் என்று எனக்குக் கணக்கில்லை. ஏற்றும்போது உயிரோடு இருந்தவர்களில் சிலர் இறக்கி வைக்கும்போது உயிரோடு இல்லை.

பின்னேரம், ஆஸ்பத்திரி வாசலில் காயக்காரரை இறக்கியதும் நீ சாவியை என் கையில் வைத்தாய். "இனி நீ ஓடு. என்ட கண் பொய் சொல்லுது" என்றாய். மரத்தடியில் வெறும் நிலத்தில் படுத்தாய். அப்பாவின் தம்பி, நம் சித்தப்பா, சபையில் பெரியவர், அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒழும்புடா! சனம் செத்துக் கிடக்கு, உனக்கு நித்திரை கேக்குதா?"

"நித்திரைக் கண்ணோட ஓடினா இவங்களையும் சேத்துக் கொல்லுவன், சித்தப்பா. கொஞ்சம் படுக்க விடுங்க. மறுகா நான் ஓடுறன், தங்கச்சி படுக்கட்டும்."

"இதென்ன விளையாட்டாடா உனக்கு?"

"ஓம், விளையாட்டுத்தான். இந்த விளையாட்டத்தான் நான் படிச்சிருக்கன்."

அப்படியே நித்திரையாகிவிட்டாய். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற நான், உன் றேஸ் ஆசைக்காக வான் ஓடப் பழகியவள், அன்று ஓடினேன். நீ ஏறினாய், நான் படுத்தேன். திரும்ப நான் ஏறினேன். அடுத்த நாள் விடியும்வரை வான் ஓடிக்கொண்டே இருந்தது. இடையில் இன்னொரு வான் காயக்காரரோடு மதகில் ஏறிச் சரிந்து கிடந்தது. ஓட்டிய பொடியன் காலையில் இருந்து சீற்றை விட்டு இறங்கவில்லை, கண் அயர்ந்துவிட்டான். அந்தச் சனத்தையும் நாம்தான் ஏற்றிக்கொண்டு போனோம். அவனில் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு இறங்கு என்று சொல்ல ஆளிருக்கவில்லை.

ஆனால் ஊர் எதை ஞாபகம் வைத்தது? "சுனாமியண்டு படுத்துக் கிடந்த டிரைவர்." கலியாண வீட்டிலும் சொன்னார்கள், செத்த வீட்டிலும் சொன்னார்கள். பிறகு யுத்தம் இறுகி, உன்னிச்சைப் பக்கத்துச் சனம் விளைந்த வயல் வட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்த மாதங்களிலும் நாம் இருவரும் மாறி மாறித்தான் வான் ஓடினோம். அப்போதும் சொன்னார்கள். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. எனக்கு உன்னில் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஏன் பேசாமல் இருந்தாய்?

சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்ன கிழமை நீ போனாய். தெருவில் வெற்றி வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். உன் பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் தணிந்த குரலில் யுத்தத்தில் செத்தவர்களைப் பற்றிக் கதைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கே மனதில் முடிவெடுத்தேன், உன் கல்லில் உன்னைத் தவிர வேறொன்றும் வரக் கூடாது என்று.

கார் என்றதும் சித்தப்பா குதித்தார். "சிலுவை நிக்கிற சேமக்காலையில காரா? சனம் சிரிக்கும்." நானும் விடவில்லை. மதகில் சரிந்த வானைப் பற்றி முதல்முறையாக முழுதும் சொன்னேன். நீ அந்த ஓட்டங்களில் இருந்து என்ன படித்தாய், ஏன் படுத்தாய், எல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வந்தார். "நீ சொன்னது சரி, மகள். நான் அவனப் பிழையா விளங்கிட்டன். கார் இருக்கட்டும். கீழ ஒரு வரி போடுவம், சுனாமியில உயிர் காத்தவன் எண்டு."

நாம் வென்றுவிட்டோம் என்று நினைக்கிறாயா? எனக்கு அப்போதுதான் கோபம் தலைக்கேறியது.

"வேணாம் சித்தப்பா."

"அந்த வரி இல்லாட்டி காருக்கு என்ன அர்த்தம்?"

"அண்ணாவுக்கு அந்தக் கார் விருப்பம். அதான் அர்த்தம். அது ஒருத்தரையும் காப்பாத்தாட்டியும் அவருக்கு விருப்பம்தான்."

நமக்கு மட்டும் ஏன் எதற்கும் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது, அண்ணா? அழகான ஒன்றை அது அழகு என்பதற்காகவே விரும்ப, கடலுக்கும் சண்டைக்கும் நடுவில் பிறந்தவர்களுக்கு உரிமை இல்லையா? நீ ஜெனரேற்றர் புகைக்குள் இருந்து பார்த்தபோது யாரையும் காப்பாற்றவென்று பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாய். அந்த முகத்தை நான் ஒரு வரிக்கு விற்க மாட்டேன்.

சித்தப்பா எழும்பிப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கல் வைத்த அன்று நல்ல வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சிலுவையைப் பார்த்தார், உன் பெயரைப் பார்த்தார், காரைக் கனநேரம் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கூச்சப்பட்டு, பிறகு மெல்லக் கேட்டார்.

"இதுக்கேன் மகள் இவ்வளவு நீளமா வால்?"

எத்தனையோ பேர் வந்து எதையெதையோ கேட்டார்கள், அண்ணா. இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அந்த நேர் றோட்டில் இருந்து தொடங்கினேன். சித்தப்பா குடையை என் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

இது சத்தியம்: இனி யார் வந்து உன்னைப் பற்றிக் கேட்டாலும் முதலில் அந்த வாலைப் பற்றித்தான் சொல்வேன். அதைக் கேட்டு முடிக்கப் பொறுமை இருக்கிறவர்களுக்கு மட்டும் மற்றக் கதை.

உன்னோடு மாறி மாறி ஓடிய
உன் தங்கச்சி