அப்பா கைகாட்டிய விமானம்

பிரிக்பீல்ட்ஸ்
8-10-82

அன்பு மகள் ரமணிக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. லண்டன் ஆஸ்பத்திரி விடுதியில் சோறு கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. ஆனால் கடைசியில், விமானத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கைகாட்டும் மாடியில் உங்கள் யாரையும் காணோம், அப்பாவுக்கு இன்னும் கோபமா என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

நாங்கள் எல்லாரும் மாடியில்தான் நின்றோம், அப்பாவும்தான். கிள்ளான் ஆஸ்பத்திரியிலேயே தாதி வேலை படிக்கலாமே என்று உன்னோடு பேசாமல் திரிந்த மனுஷன், நீ உள்ளே போனதும் வேலை உடுப்போடு, தலையெல்லாம் மரத்தூளோடு ஓடி வந்தார். சுபாங் விமான நிலையத்தைத்தான் மூடாமலே புதுப்பிக்கிறார்களே, பாதியில் பயணிகள், பாதியில் பலகைத் தடுப்பு, வாசல் வாரம் ஒரு பக்கம் மாறுகிறது. எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டேன். அங்கே தச்சு ஆட்களை மேய்க்கிற மண்டோராயிற்றே, "எனக்குத் தெரியாதா லா, நான் அடிச்ச பலகை, இப்படி வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனார். எதிரே நின்ற விமானத்தைப் பார்த்துத் துண்டை வீசினார் பார், நானும் உன் தம்பி பாலனும் கை வலிக்க ஆட்டினோம். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள், உள்ளேயிருந்து ஆட்கள் பையும் கையுமாக இறங்கினார்கள். அது அப்போதுதான் வந்து நின்ற விமானமாம்! இறங்கியதில் ஒரு சீனக் கிழவி எங்களுக்குத் திருப்பிக் கைகாட்டினாள்.

விஷயம் என்னவென்றால், உன்னை வழியனுப்ப நேரம் வேண்டுமென்று அப்பா, பகல் முழுக்க வேலை செய்து மறுநாள் அடைக்கவேண்டிய, பயணிகள் விமானத்துக்குப் போகும் வழியை, அன்று காலையிலேயே ஆட்களை விரட்டி அடைத்துவிட்டிருக்கிறார். அதனால் உன் விமானத்தை மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். அது தெரிந்ததும் மனுஷன் முகம் செத்துப்போயிற்று. "நான் வரலன்னுதானே புள்ள நெனச்சிருக்கும்" என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் ஒரே புலம்பல். பாலன் கேலி செய்தால் இப்போதும் எழுந்து போய்விடுகிறார்.

உன் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அவருக்குப் படித்துக் காட்டினேன். "அவ்ளோதானா, என்னப் பத்தி ஒண்ணும் எழுதலையா" என்றார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, தலைக்கு எண்ணெய் வை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும் கண்ணு. அப்பா பெயருக்கே ஒரு கடிதம் போடு. நீங்கள் கைகாட்டியதைப் பார்த்தேன் என்று எழுதாதே, பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும் அப்பா என்று எழுது, அது போதும்.

உன் அம்மா
சீதாலெட்சுமி வேலாயுதம்