ஒரு ‘ஓ’ அதிகம்

மார்ச் 3, 1938, வியாழன்

நேற்று நெற்றியில் சாம்பல். இன்று வாசலில் மிஸ்டர் ஹெர்பர்ட். தவக்காலம் தொடங்கிய மறுநாளே ஒரு மனிதர் சிரிப்புப் பாட்டோடு வருவாரா? வந்தார். தந்தி ஆபீஸில் காலம் தள்ளியவர், சொற்களைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கோயில் நாடகம். நடுவில் இவர் பாட்டு. போன வருஷம் கழுதையைப் பற்றிப் பாடினார். அந்தக் கழுதையின் நடை பங்குச் சுவாமியாரின் நடைபோல இருந்ததாகப் பலர் சொன்னார்கள். சுவாமியாரும் சொன்னார். ஆகவே இந்த வருஷம் எந்தப் பாட்டும் என் சிவப்புப் பென்சிலைத் தாண்டித்தான் மேடை ஏற வேண்டும். நான் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் மதுவிலக்குப் பிரசங்கம்.

“இந்த வருஷம் யாரையும் கிண்டல் பண்ணலை மேடம். முன்னாலிருந்து படிச்சாலும் பின்னாலிருந்து படிச்சாலும் ஒண்ணுதான். மாலைமாற்று.”

ஓர் அடியைப் பாடிக்கொண்டே முன்னால் நடப்பாராம். அதையே எழுத்து எழுத்தாகத் திருப்பிப் பாடிக்கொண்டு பின்னால் நடப்பாராம். மேளதாளமே. சரி. தோடு ஆடுதோ. சரி. மாலா, போலாமா?

போலாமா என்று தமிழில் ஒரு சொல் இல்லை. ‘போகலாமா’ என்று திருத்தினேன்.

“மேடம், அந்த ஒரு ‘க’வை ஏத்தினா வண்டி திரும்பாது.”

“திரும்ப வேண்டாம். ஒழுங்காகப் போனால் போதும்.”

கொச்சை ஒன்றுகூட மேடையில் வரக்கூடாது என்றேன். இந்தப் பங்கில் என் வாயிலிருந்து தப்பான தமிழை யாரும் கேட்டதில்லை. என் பென்சிலுக்குக் கீழேயும் கேட்க மாட்டார்கள். என் கணவர் கடைசியாக ‘வந்துகினு’ என்று சொன்னது எங்கள் கல்யாணத்துக்கு முந்திய நாள்.

கேட்டைத் திறந்துகொண்டே ஹெர்பர்ட் சொன்னார்: “மேடம்னு இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க. முன்னும் பின்னும் நீங்களேதான்.”

அதிகப்பிரசங்கி.

மார்ச் 4

எழுதிப் பார்த்தேன். உண்மைதான்.

மார்ச் 6, ஞாயிறு

பிரசங்கத்தில் சுவாமியார் ‘கற்க’ என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. க, ற், க. பூசை முடிவதற்குள் இன்னும் சில கிடைத்தன. பாப்பா, காக்கா எல்லாம் குழந்தை விளையாட்டு. வினவி, பரவாயில்லை. கைரேகை, திரும்புகிறது; ஆனால் ஜோசியம், கோயிலுக்கு ஆகாது. மாமா திரும்புவார். அம்மா திரும்ப மாட்டாள்.

என்ன புத்தி இது, இந்த வயதில்? அதுவும் தவக்காலத்தில்.

மார்ச் 12

மாதா சபையின் காரியதரிசி நோரா வந்திருந்தாள். நான்தான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கமா விட்டுப்போனால் அவளுக்குத் தூக்கம் வராது. ஹெர்பர்ட்டுக்குக் கடைசி அடி கிடைக்கவில்லையாம். மாலாவை எடுத்த பிறகு பாட்டு அந்தரத்தில் தொங்குகிறதாம். அடுத்த சனிக்கிழமை கமிட்டி. அதற்குள் முடிக்காவிட்டால் மதுவிலக்குதான் என்று சுவாமியார் சொல்லிவிட்டாராம்.

“நல்லதாப் போச்சு மேடம்” என்றாள் நோரா.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 15, செவ்வாய்

அனந்தலக்ஷ்மி அம்மாள் மதில் ஓரம் வந்து நின்றார். கணவர் வெங்கடராமன் மைசூர் சர்க்கார் சர்வீஸில் ஓய்வுபெற்றதும் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் மார்க்கெட்டில் வடு வந்தவுடன் இதே இடத்தில் நின்று இதே கேள்வியைக் கேட்பார். ஜாடி என்னுடையது, கை அவருடையது. ஜாடிக்கு ஜாதி இல்லை என்பது அவருடைய தீர்ப்பு.

“என்னம்மா, மாவடு போடுவமா?”

‘போடுவோமா’ என்று திருத்த வாயைத் திறந்தேன். ஒவ்வொரு வருஷமும் திருத்துகிறேன்.

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

மா. வ. டு. போ. டு. வ. மா.

தலைவலி என்று சொல்லி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். விரலால் மேஜைமேல் பின்னாலிருந்து எழுதினேன். திரும்புகிறது. ஏழு எழுத்தும் திரும்புகிறது. அதுவும் என்ன அழகாக, ஒரு குடும்ப ஸ்திரீ பேசுவதுபோல. ஹெர்பர்ட்டின் தோடும் மேளமும் இதன் பக்கத்தில் நிற்குமா?

ஆனால் ‘போடுவமா’ கொச்சை. நான் போட்ட சட்டம். நானே போய்க் கொடுப்பதா? முடியாது.

மார்ச் 17

கொடுக்க மாட்டேன். ஆனால் அவராகவே கேட்டுவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஹெர்பர்ட்டை நாளை நாலு மணிக்கு டீக்கு அழைத்திருக்கிறேன். அந்த நேரம்தான் அனந்தலக்ஷ்மி அம்மாள் மதிலுக்கு வருவார்.

மார்ச் 18, வெள்ளி

வந்தார், கேட்டார். “தலைவலி தேவலையா? மாவடு போடுவமா?”

ஹெர்பர்ட் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, “எனக்கும் ஒரு பாட்டில் குடுங்கம்மா” என்றார். இவரா மாலைமாற்றுப் புலவர்! ஊறுகாயைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

“என்ன சொன்னீர்கள்?” என்று நான் சத்தமாகக் கேட்டேன்.

பாவம், அனந்தலக்ஷ்மி அம்மாள் பயந்துவிட்டார். “தப்புதான். மாவடு போடு-வோ-மா.”

“இல்லை, முதலில் சொன்னதைச் சொல்லுங்கள்.”

“தப்பாச் சொன்னதையா?”

“அதைத்தான்.”

“போடுவமா.” அழாக்குறை.

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. ஹெர்பர்ட்டின் உதடுகள் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அசைந்தன. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். நினைக்கட்டும்.

மார்ச் 19, சனி

கமிட்டி. சுவாமியார், நான், நோரா. ஹெர்பர்ட் படித்துக் காட்டினார். சுவாமியார் சிரித்துவிட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேடம்,” என்றாள் நோரா, “போடுவமா கொச்சை ஆச்சே?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இருக்கட்டும், விடு என்று சொல்லியிருக்கலாம். சின்ன வாக்கியம். மாலாவை அடித்த கை, மாவடுவை எப்படி விடும்? ஊறுகாயில் பங்கு இருக்கிறது என்பார்களே. நான் சும்மா இருந்தேன். நோரா என் பென்சிலையே எடுத்து, அழகாக ‘போடுவோமா’ என்று திருத்தினாள். ஹெர்பர்ட் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாய்க்குட்டி பார்ப்பதுபோல.

“மேடம் சொன்னா சரி” என்றார்.

நான் எங்கே சொன்னேன்!

ஏப்ரல் 17, ஈஸ்டர்

இயேசு உயிர்த்தார். என் மனம் ஊறுகாய் ஜாடியில் கிடக்கிறது.

ஏப்ரல் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சுவாமியார், நான், அந்தப் பக்கம் நோரா. அனந்தலக்ஷ்மி அம்மாளும் நாலாவது வரிசையில். ஹெர்பர்ட் ஒட்டு மீசையோடு வந்தார். மேளதாளமே என்று முன்னால் போனார், பின்னால் வந்தார், கைதட்டல். தோடு ஆடுதோ; இன்னும் கைதட்டல். ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள், அவரோடு சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். கடைசி அடி.

“மாவடு போடுவோமா...” என்று முன்னால் போனார்.

பின்னால் நடக்க ஆரம்பித்தார். ஒரு ‘ஓ’ அதிகம் அல்லவா? எழுத்து எழுத்தாகத் திருப்பினால் என்ன வரும்? “மா... வோ... டு... போடுவமா.”

மாவோடு போடுவமா. மாவோடு! வடுவா, வடையா? பின்வரிசையில் யாரோ “எண்ணெய் காஞ்சுதா?” என்று கேட்டார். ஹெர்பர்ட் நடு மேடையில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். முன்னால் போவதா, பின்னால் வருவதா என்று தெரியவில்லை. மீசை ஒரு பக்கம் தொங்கியது.

நான் எழுந்து நின்றேன். நிற்பதற்கு முன் யோசித்தேனா? இல்லை.

“ஓ வேணாம் மிஸ்டர் ஹெர்பர்ட்! போடுவமா! மாவடு போடுவமா!”

வேணாம் என்றும் சொன்னேன். வேண்டாம் இல்லை, வேணாம்.

ஹெர்பர்ட் தொப்பியை எடுத்துக் குனிந்தார். “மேடம் உத்தரவு ஆயிடுச்சு” என்றார். பாடினார். முன்னால், பின்னால். ஹால் முழுக்க ஏழு எழுத்தையும் அவரோடு நடந்தது. நாலு தடவை கேட்டார்கள். நாலாவது தடவை சுவாமியாரும் பாடினார்.

நான் உட்காரவே மறந்துவிட்டேன் போலிருக்கிறது. நோராதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே வரும்போது அனந்தலக்ஷ்மி அம்மாள், “அது நான் சொன்னதுன்னா!” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதுதான். ஆனால் திருப்பிப் பார்த்தது யார்?

ஏப்ரல் 25

நோரா காலையில் வந்து சிவப்புப் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். கோபம் நியாயம்தான்.

ஏப்ரல் 27

மீன்காரி கேட்டில் நின்று, “மாவடு மேடம், வஞ்சிரம் வேணுமா?” என்கிறாள்.

வாங்கினேன்.

மார்ச் 14, 1939, செவ்வாய்

வடு வந்துவிட்டது. அனந்தலக்ஷ்மி அம்மாள் மதிலுக்கு வந்தார். நாலு மணி, ஹெர்பர்ட் உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தார். இந்த வருஷப் பாட்டில் எட்டு அடி, ஐந்து என்னுடையவை. திருத்துவது நோரா. ஈவு இரக்கம் இல்லாமல் திருத்துகிறாள்.

அனந்தலக்ஷ்மி அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். வருஷம் முழுவதும் பழகியிருப்பார் போலிருக்கிறது, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, மடத்துக் கன்னியாஸ்திரீ கேட்டாலும் குறை சொல்ல முடியாதபடி, “மாவடு போடுவோமா?” என்றார்.

“தப்பு” என்றேன்.