எட்டாவது கிளாஸ்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சாயங்காலம் நாலு பதினேழு. அப்பத்தான் உங்க தங்கச்சி பத்தின சேதி வந்துச்சு. "போன்ல 'ம்', 'ம்'னு மட்டும் சொல்றீங்க தம்பி, அன்னிக்கு என்னதான் நடந்துச்சுன்னு எழுதியாவது அனுப்புங்க"ன்னு கேட்டீங்க. அதான் எழுதுறேன். எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும், கோச்சுக்காதீங்க.

அப்ப நான் பன்னண்டு மாடிக் கட்டடம் ஒண்ணுல லிஃப்ட் பெட்டிக்கு மேல நின்னுட்டிருந்தேன். அதுக்கு ஆறு கம்பிக்கயிறு. ஆறும் ஒரே இழுப்புல இருக்கான்னு அளக்கணும். ரெண்டு முடிச்சிருந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பொண்ணு பேசுனாங்க. ஒயின் கிடங்குல ருசி பார்த்துட்டிருந்தப்ப மயங்கி விழுந்துட்டாங்க, தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு, இங்க கொண்டு வர்றப்பவே உயிர் இல்லன்னாங்க. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க. வீட்டுக்காரர்னு சொன்னேன். சரிங்கன்னு வெச்சுட்டேன்.

அப்புறம் மூணாவது கயித்தை அளந்தேன் அக்கா. நாலாவது, அஞ்சாவது, ஆறாவது. எல்லாம் சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் இறங்கினேன். கூட வேலை பார்க்கிறவர் "டீ சொல்லட்டா?"ன்னார். சொல்லுங்கன்னேன். சர்க்கரை பத்தலன்னு கூடச் சொன்னேன்.

இதை எங்கம்மாகிட்ட கூடச் சொல்லல. நீங்க அவளைத் தூக்கி வளர்த்தவங்க, உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுச்சு. நான் என்ன மனுஷன்னு நீங்களே சொல்லுங்க.

மாத்தல் கேட்டு வந்த ஊர் பரவாயில்ல. வீட்டுல வெளிச்சம் நிறைய. சாப்பாடு நடக்குது.

இப்படிக்கு,
தம்பி

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையல்கட்டில் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, அவள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து படித்தேன். என்ன மனுஷன் என்று கேட்டிருக்கிறீர்கள். கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றைய விருந்தாளிகளையெல்லாம் வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் நான் ஒரு மூட்டை வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

உணவகத்தைத் திரும்பத் திறந்துவிட்டோம். எங்கள் வழக்கம்தான் தெரியுமே. எட்டுத் தட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின். எந்தத் தட்டுக்கு எது என்று சொல்வது மூக்கியின் பொறுப்பு. சின்ன வயதில் எதைக் கண்டாலும் முகர்ந்து பார்க்கிறாளே என்று நான் வைத்த பட்டப்பெயர் அது. கடைசியில் அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். இந்த முறை ஏழு தட்டுக்குச் சொல்லிவிட்டாள். எட்டாவதற்குத் தேடத்தான் அன்று கிடங்குக்குப் போனாள். அந்த ஒன்றை வேறொருவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். நேரில் வந்து பாருங்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் ஒரு முறைகூட எங்கள் மேசையில் உட்கார்ந்ததில்லை. "அந்தக் காசுக்கு ஒரு மோட்டார் வாங்கிடலாம்" என்றீர்களாமே. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இன்னொன்று. அதற்கு முந்தின நாள் எனக்கும் அவளுக்கும் சண்டை. எட்டாவது தட்டில் உப்பு தூக்கல் என்றாள். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள் என்ற ஆத்திரத்தில், "உன் மூக்கோட நிறுத்திக்கோ, என் அடுப்புக்கு வராதே" என்றேன். கரண்டியை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்பதைச் சாப்பாடு என்று எழுதாதீர்கள்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நேத்து வந்தேன். நீங்க கேட்டதுக்குப் பதிலை நேர்லயே சொல்லிடலாம்னுதான் வந்தேன். சாப்பிட்டு முடிச்சுட்டு உள்ள வந்து உங்களைப் பார்க்கலாம்னு, கம்பெனி பேர்ல மேசை சொல்லியிருந்தேன். முன்னாடியே தெரிஞ்சா நீங்க வந்து பக்கத்துல உக்காந்துருவீங்க, எனக்கு ஒரு வாய் இறங்காது. பரிமாறினவர் புதுசு, என்னைத் தெரியல.

தட்டு, லிஃப்ட் கயிறு ஓடுற காடிச் சக்கரம் அளவு, சாப்பாடு அதுல இருக்கிற நட்டு அளவு. முதல் மூணு வரைக்கும் அந்த மோட்டார் நினைப்புதான். ஒயினை ஊத்தி, நனைஞ்ச கல்லு வாசம், காஞ்ச இலை வாசம்னு அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் திராட்சை புளிச்ச மாதிரிதான் இருந்துச்சு. நாலாவது, காளான். ஒரு வாய் காளான், ஒரு வாய் ஒயின், திரும்ப ஒரு வாய் காளான். அது வேற காளான் அக்கா. அதே தட்டுதான், ஆனா வேற. இதைத்தான் அவ வீட்டுல எத்தனையோ நாள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவா. நான் ஸ்டூல்ல ஏறி ஃபேனைக் கழட்டிக்கிட்டே "சரி சரி"ம்பேன். அதுல இருந்து ஏழாவது கிளாஸ் வரைக்கும் அவ எனக்குப் பக்கத்துலயே நின்னா.

அப்புறம் எட்டாவது. சுட்ட வெங்காயம், மேல பாலாடை. விளக்கைக் கம்மி பண்ணாங்க. காலி கிளாஸ் ஒண்ணை வெச்சுட்டு அவர் கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னார்:

"இதுல எதுவும் ஊத்த மாட்டோம் சார். இதுக்கான ஒயினைத் தேடிப் போனவங்க திரும்பி வரல. சாயங்காலம் நாலு பதினேழு. அவங்க கணவர் ஒரு லிஃப்ட் மேல நின்னுட்டிருந்தார். சேதியைக் கேட்டுட்டு, மிச்சம் இருந்த நாலு கயித்தையும் அளந்துட்டுத்தான் கீழ இறங்கினார். அந்த நாலு கயித்து நேரம், நீங்களும் பேசாம சாப்பிடணும்னு கேட்டுக்கறோம்."

நல்லா மனப்பாடம் பண்ணியிருந்தார். கயிறுங்கிற இடத்துல குரலை இறக்கினார்.

பக்கத்து மேசை அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே கிளாஸைப் போட்டோ எடுத்தாங்க. அவங்களோட வந்தவர், "எட்டு கிளாஸுக்குத்தானே காசு வாங்கினீங்க தம்பி, இதுல ஒண்ணும் இல்லையே?"ன்னார்.

"சும்மா இருங்க, ஒருத்தங்க செத்திருக்காங்க."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது, வெங்காயம் தொண்டையில நிக்குது."

நான் அவர் கட்சி. அவ உயிரோட இருந்திருந்தா அவர் விக்குறதைப் பார்த்ததுமே எங்கிருந்தாலும் ஓடி வந்து ஊத்தியிருப்பா. காலி கிளாஸை வெச்சுட்டுக் கதை சொல்லிட்டு நிக்க மாட்டா.

"எப்படி இருந்துச்சு சார்?"னு பரிமாறினவர் என்னைக் கேட்டார். "கயித்துக் கணக்கு சரியா சொன்னீங்க"ன்னேன். சந்தோஷமா சிரிச்சார். உள்ள வராம அப்படியே ரயிலுக்குப் போயிட்டேன்.

நான் உங்களுக்கு எழுதினேன் அக்கா. உங்களுக்கு மட்டும். அதை எடுத்துருங்க.

தம்பி

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

எடுத்துவிட்டேன். கடிதம் வந்த அன்றே. இப்போது எட்டாவது தட்டுக்கு ஒரு வெள்ளை ஒயின் ஊற்றுகிறோம். அது பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்று தெரிந்தேதான் ஊற்றுகிறோம்.

உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு. சாக்குச் சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் உள்ளே நுழைந்தால் சமையல்கட்டில் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள். அம்மா மூக்கியின் அறைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். உங்களிடம் பேசினால் "ம்". எட்டாவது தட்டு வெளியே போகும் நேரத்தில் மட்டும் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். யாரோ ஒருவர் அவளைப் பற்றி நான்கு வாக்கியம் முழுதாகப் பேசுவார். அதைக் கேட்டுவிட்டுத் திரும்ப அடுப்புக்கு வருவேன். அதற்காகத்தான் செய்தேன். அதனால் மேசைகள் நிறைந்தன என்பதும் உண்மைதான். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

வாசல் வரை வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டீர்களே. திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

அன்று காலை அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அது எப்படிப்பட்ட வார்த்தையாக இருந்தாலும் எனக்கு வேண்டும். எழுதுங்கள் தம்பி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

எடுத்துட்டீங்கன்னு படிச்சேன். கோபம் இல்ல. கோபம்னா உள்ள கொஞ்சமாவது சுடணும், எனக்கு இன்னும் எதுவும் சுடல. நீங்க கதவுக்குப் பின்னால நின்னதைப் படிச்சுட்டு, இங்க வீட்டுல அவ பேரைச் சத்தமா சொல்லிப் பார்த்தேன். ரொம்ப நாள் ஓடாத மோட்டார் மாதிரி, முதல்ல குரலே கிளம்பல. ரெண்டாவது தடவை வந்துச்சு.

அவ சொன்னா. உங்களைப் பத்திதான். செருப்பு மாட்டிக்கிட்டே வாசல்ல நின்னு சொன்னா. ஒரே ஒரு வரி. நீங்க பயப்படுற மாதிரி எதுவும் இல்ல, அதை மட்டும் இப்பவே எழுதிடறேன். நிம்மதியா இருங்க.

அந்த வரியை எழுதத்தான் உக்காந்தேன். எழுதப் போனா அவ குரல் வரல, அந்தப் பரிமாறுறவர் குரல்தான் கேக்குது. இனிமே உங்களுக்கு என்ன எழுதினாலும், இது எந்தத் தட்டோட வரும்னு ஒரு நினைப்பு எனக்கு வந்துரும். நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க, தெரியும். தெரிஞ்சாலும் வரும். அதனால இதுதான் நான் உங்களுக்கு எழுதற கடைசிக் கடிதம்.

நீங்க வாங்க. உணவகத்துக்கு லீவு விடுற திங்கக்கிழமையில ஏதாவது ஒண்ணுல வாங்க. ஸ்டேஷன்ல இருந்து நடந்தே வந்துடலாம். தண்ணித் தொட்டிக்கு எதிர்ல இருக்கிற வீடு, மாடி. நான்தான் சமைப்பேன், எப்படி இருந்தாலும் சாப்பிடணும். அதுக்கப்புறம் அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்றேன். உங்களுக்கு மட்டும்.

உங்கள்,
தம்பி

பி.கு: இதைப் படிச்ச கையோட கூப்பிட்டு, "இப்பவே சொல்லுங்க தம்பி"ன்னு அழுவீங்க. நானும் சொல்லிருவேன். அதனால போனை அணைச்சு வெச்சிருக்கேன்.