சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்

லூசியின் அப்பாவுக்கு, உங்கள் பெயரைச் சொல்ல இப்போதும் வெட்கப்படும் புஷ்பம் எழுதுவது.

யுத்தம் முடிந்துவிட்டது. விளக்கில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தைக் கிழித்தாகிவிட்டது, குண்டு விழுமென்று அபாயச் சங்கு ஊதுவதும் நின்றுவிட்டது. நீங்கள் ஜுரத்தில் கண்ணை மூடிய பிறகு நானும் குழந்தையும் சைதாப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் எனக்கு வலிப்பு அதிகமாகிவிட்டது. ஆஸ்பத்திரி மாத்திரையை வேளை தவறாமல்தான் போடுகிறேன்.

அண்ணி நல்லவள். அதுதான் கஷ்டம். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டுமே என்று சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி இருக்கிறாள். நான் கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும், சாவி குலுங்கும். எனக்கு இப்போது அதுதான் அபாயச் சங்கு. வந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அந்தப் பயத்திலேயே வந்தும் விடுகிறது.

நீங்கள் ஒருநாளும் சாவியைத் தேடியதில்லை. வலிப்புக்கு முன்னால் வருமே, அந்தத் தீய்ந்த பால் நாற்றம் மூக்கில் ஏறுகிறது என்று நான் சொன்னதும் தரையில் உட்கார வைப்பீர்கள்.

"சாவி ஆணியிலயே தொங்கட்டும். நான் கீறேன்ல?"

கையை இறுக மூடச் சொல்வீர்கள், மெல்லத் திறக்கச் சொல்வீர்கள். நீங்கள் கண்டக்டராக இருந்த டிராமின் ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வைப்பீர்கள். மயிலாப்பூர் குளம், லஸ், ராயப்பேட்டை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மூச்சை மெல்ல இறக்கிவிட வேண்டும். "அவசரப்படாத புஷ்பம், எல்லாரும் எறங்கட்டும்" என்பீர்கள். எல்லாத் தடவையும் வலிப்பு நின்றதில்லை. பல தடவை நின்றது. மருந்தோடு மனசுக்கும் அமைதி வேண்டும் என்று டாக்டரும்தான் சொன்னார். உங்களைத் தவிர யார் அதைக் காதில் போட்டுக்கொண்டார்கள்?

போன வாரம் லூசியைக் குளிப்பாட்டும்போது விழுந்துவிட்டேன். அவள் நெற்றி அண்டாவில் இடித்தது. காயம் சின்னதுதான். அண்ணன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

"கொயந்தைய உங்கிட்ட வுட்டு வெக்க பயமா கீதும்மா. அண்ணியோட தங்கச்சி வேலூர்ல நல்லா வளப்பா. ஞாயித்துக்கெயம பூசை முடிஞ்சதும் இட்டுக்கினு போறோம்."

அவர் சொல்வதில் தப்பு உண்டா? பிள்ளை போய்விடுவாளே என்ற கவலையில் வலிப்பு வருகிறது, வலிப்பு வருகிறதென்று பிள்ளையைப் பிரிக்கிறார்கள். இதிலிருந்து நான் எப்படி வெளியே வருவது? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே!

இன்று காலை ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை, உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். லூசி என்னை உற்றுப் பார்த்தாள். ஓடிப்போய் அண்ணியின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி இரண்டு கையாலும் தூக்கி வந்தாள்.

"அம்மா, புட்ச்சிக்கோ. வுயுந்துடாத."

சாவி குலுங்கியது. நம் பிள்ளைக்கும் என் முகம் பயமாகிவிட்டதே! பால் நாற்றம் வந்தது.

சாவியை வாங்கிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினேன். தரையில் உட்கார்ந்தேன். அவளை மடியில் வைக்கப் பயந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். குளம். லஸ். விரல்கள் திறக்கவே இல்லை. மறுபடியும் லஸ் என்றேன். ராயப்பேட்டையில் நாற்றம் குறைந்தது. "அப்பறம்?" என்றாள் லூசி. மவுண்ட் ரோடு என்றேன்.

அண்ணி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியில் இருந்த சாவியை எடுக்கவில்லை.

நாளைக்கும் நிற்குமா? தெரியாது. பயம் இல்லாத வேளையிலும் காலையும் மாலையும் அந்த டிராமில் போய்ப் பழகுவேன். அடுப்பையும் குளிப்பாட்டுவதையும் அண்ணியிடம் விட்டுவிடுகிறேன். பிள்ளையை விட மாட்டேன். அண்ணன் காலில் விழுந்தாவது தடுப்பேன். மாதா மேல் ஆணை, வேலூர் வண்டி அவள் இல்லாமல்தான் போகும்.

இன்றும், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும்,
லூசியின் அம்மா