இன்னும் நற்செய்தி வாசிக்கலையே

சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து வந்து திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தள்ளுவண்டியில் மல்லாட்டை வெந்துகொண்டிருந்தது. அந்த அவித்த கடலை வாசம் மூக்கில் ஏறியதும்தான் இன்று வியாழக்கிழமை, அன்பியக் கூட்டம் என்பது நினைவுக்கு வந்தது. நீ இருந்தவரை தூக்குச்சட்டி நிறைய மல்லாட்டை அவித்துக்கொண்டு வருவாய். நீ போன பிறகு பிஸ்கட் பாக்கெட்தான்.

அலுப்பாக இருக்கிறதடி. ஆபீஸ், பஸ், அடுப்பு. அதற்கு மேல், தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களை வாரம் ஒரு வீட்டில் கூட்டி நற்செய்தி வாசிக்க வைக்கிற இந்தப் பொறுப்பு. போன வாரம் வந்ததே மூன்று பேர். அதிலும் ஒருத்தி செல்போனை விட்டுத் தலை நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "சாமி, வேற யாரையாவது போடுங்க" என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடத் தீர்மானித்திருந்தேன். நீ இருந்தால் திட்டியிருப்பாய். இல்லாததால் வந்த தைரியம்தான்.

திருவிழாவுக்கு முந்தைய கூட்டம் ஞாபகமிருக்கிறதா? எங்கள் வீட்டில்தான். தேருக்குச் சீரியல் லைட்டா பூவா, பெண்களுக்கு எந்த நிறப் புடவை என்று ஒரே ரகளை. களைத்துப்போய் முடிவு செபத்தையும் சொல்லிவிட்டோம். எல்லாரும் செருப்பைத் தேடும்போது, முட்டிவலிக்காரி நீ மட்டும் அசையாமல் நின்றாய்.

"இன்னாடி, கெளம்பலையா?" என்றேன்.

"எங்க கெளம்புறது? இன்னும் நற்செய்தி வாசிக்கலையே."

"நேரமாச்சும்மா, ஞாயித்துக்கெழம கோயில்ல கேட்டுக்கலாம்" என்றார் வாசலிலிருந்து ஒருவர்.

நீ கோபப்படவில்லை. "தேரு ஜோடிச்சாச்சு, பேண்டு பேசியாச்சு. யாரு பேச்சக் கேக்க வந்தோமோ, அவர ஒரு வார்த்த பேச வுடலையே" என்றாய்.

வாசலில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்கள். இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாத மீனவர்களின் பகுதியை நான் வாசித்தேன். கட்டைவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கடைசிவரை நின்றே கேட்டாய். உட்காரச் சொன்னால் உனக்குப் பொறுக்காது. "அவரு பேசும்போது உக்காந்துக்கினா கேக்கிறது?" என்பாய். அன்று வாசித்து முடித்ததும் நீ சொன்னது இதுதான்: "பாவம், வலைய அலசிக்கினு வூட்டுக்குக் கெளம்புற நேரம் பார்த்துக் கூப்பிடுறாரு பாரு." எல்லாரும் சிரித்தோம்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் உனக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஜெபமாலை சொன்னோம், பாட்டுப் பாடினோம். உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் நற்செய்தியைத் திறந்து முதல் வரி சொன்னதும், உன் கட்டைவிரல் மெல்ல நெற்றிக்கு ஏறியது. உதட்டுக்கு வந்தது. நெஞ்சுக்குப் போகமுடியாமல் தாவாங்கட்டையிலேயே நின்றுவிட்டது. நான்தான் பிடித்துக் கொண்டுபோய் வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது.

இன்று எங்கள் வீட்டு முறை. பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

டிவி முன்னால் இருந்தபடியே வீட்டுக்காரர், "ஆளே இல்லையே, எடுத்து வெச்சிட்டுப் படு. கால் வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தியே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி, நமக்காகவாவது நாலு வரி பார்ப்போம் என்று புத்தகத்தைத் திறந்தேன். பழக்கத்தில் கட்டைவிரல் நெற்றிக்குப் போனது. அதற்குப்பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமாகவே வாசித்தேன். வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

அலுப்பு தீரவில்லையடி. கால் இன்னும் கடுக்கிறது. ஆனால் சாமியாரிடம் சொல்ல இப்போது ஒன்றுமில்லை. அடுத்த வியாழன் யார் வீட்டு முறை என்று பார்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும். மல்லாட்டையை நான் அவித்துக்கொண்டு போகிறேன்.