செற்றி இல்லாத வீடு

என் அக்கா, என் அருமை அக்கா,

சிரிக்காமல் வாசி. எங்கள் வீட்டு ஹோலில் இப்போது சோபா செற்றி இல்லை. கண்ணாடி அலுமாரி இல்லை, கரையில் அடுக்கி வைத்திருந்த ஸ்டூல்கள் இல்லை, பிளாஸ்ரிக் பூச்சாடி இல்லவே இல்லை. ஆறு ஜப்பான் பாய், முழங்கால் உயரத்தில் ஒரு மேசை, அவ்வளவுதான். பாயில் சம்மாணம் கொட்டியிருந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு கால் விறைத்துவிட்டது. பரவாயில்லை, உனக்கு உடனே சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். முன்பென்றால் ஒரு போன் அட்டையைச் சுரண்டி உன்னைக் கூப்பிட்டிருப்பேன்.

நீ பாரிசில் அந்த ஜப்பான் தளபாடக் கடையில் சேர்ந்த புதிதில், “அம்மா, நான் வெள்ளைக்காரருக்குப் பாய் விக்கிறன்” என்று ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னாயே. அம்மா எனக்குப் போன் அடித்து அழாக்குறையாக முறையிட்டா. “பாயிலை படுத்தெழும்பினது போதுமெண்டெல்லோ உங்கடை அப்பர் கட்டில் செய்விச்சவர். இவள் பிரான்சுக்குப் போய்ப் பாய் விக்கிறாளாம்!”

நானும் அம்மாவின் பக்கம்தான் நின்றேன். நீ அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் கதைகளுக்காகவே நான் காத்திருந்தேன். பழைய பாரிஸ் வீடுகளில் ஒரு சுவராவது நேராக இல்லை, பாயை விரித்தால் மூலையில் எப்போதும் ஒரு முக்கோணம் மிஞ்சும் என்பாய். சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் வாடிக்கையாளர்கள் முகம் சிவந்து நிற்பார்கள், பாதிப் பேரின் காலுறையில் ஓட்டை என்பாய். அதைவிட, எங்கள் ‘ஆமாம்’ அவர்களுக்கு மந்திரமாகிப்போன அந்த ‘ஓம்’ கதை. கடைக்குள் நீ போனில் அத்தானோடு “ஓம்... ஓம்... ஓமப்பா” என்று கதைத்துக்கொண்டிருக்க, ஒரு பிரெஞ்சுத் தம்பதி நீ தியானம் செய்கிறாய் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி, கண்ணை மூடி நின்றார்களாம். நீ அத்தானை உருளைக்கிழங்கு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தாய்!

அவர்களுக்கு அது ஒரு புது வாழ்க்கை முறை. உனக்கு அது ஒற்றை அறை வீடு. காலையில் மெத்தையை மடித்து வைத்தால் படுக்கையறை சாப்பாட்டறையாகும், மேசையை நிமிர்த்தி வைத்தால் பிள்ளைகள் படிக்கிற அறையாகும். உனக்கு உண்மையாகவே அது பிடித்துப்போனது எப்போது? கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

நீ மொன்றியலுக்கு வந்த அந்தக் கோடையை நினைத்துக்கொள்கிறேன். ரொக்ஸ்பரோ வீட்டுக்குள் கால் வைத்ததும், பிளாஸ்ரிக் உறை கழற்றாத எங்கள் செற்றியைப் பார்த்து, “என்னடி, இதுக்குள்ளையும் மழை பெய்யுமோ?” என்றாய். அடுத்த நாள் ஜூலை முதலாம் திகதி. நகரமே வீடு மாறுகிற நாள். தெருவெல்லாம் மெத்தையும் கதிரையும் அலுமாரியும் வெளியே கிடக்க, நீ காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாய்.

“இந்த ஊர் எங்களுக்கெண்டே செய்தது, தங்கச்சி. வருசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் தூக்கி எறியினம். சப்பாத்தும் வாசலிலை கழட்டினம். பாரிசிலை நான் கெஞ்சிற வேலையை இங்கை பனி செய்து வைச்சிருக்கு!”

அந்தக் காரிலேயே நீ மனதுக்குள் கடையைத் திறந்துவிட்டாய். உன் முதலாளி மிசேலும் சம்மதித்தார். மொன்றியலில் ஒரு கிளை, நீ இங்கே குடிவந்து நடத்துவது, நான் உனக்கு உதவி. சாமான் எங்கே இறக்குவது என்பதுவரை கதைத்தோம். பிறகு மாசி மாதத்தில் ஒரு காலையில், மெத்தையை மடித்து வைத்துவிட்டு எழும்பிய நீ, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாய்.

நான் பாரிசுக்கு வந்து உன்னை வழியனுப்பிவிட்டுத் திரும்பினேன். இங்கே துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கோட்டும் கழற்றாமல் செற்றியின் நுனியில் இருந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள், பனி கொட்டப்போகுது என்று எழும்பினார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. உன்னை அவர்கள் கண்டதில்லை.

வசந்தத்தில் மிசேல் போன் எடுத்தார். உன் இடத்தில் நான் அந்தக் கடையை நடத்துவேனா என்று கேட்டார். இல்லையென்றால் மொன்றியல் திட்டத்தையே விட்டுவிடுவாராம். ஆவணி முடிவதற்குள் பதில் வேண்டும். யோசித்துப் பார்க்கவென்று ஆறு பாயும் ஒரு மேசையும் கப்பலில் அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் அன்ரன் வழக்கம்போலக் கேட்டார். “புவாண்ட்-கிளேர் ஒஃபிசிலை உனக்கு நல்ல வேலை கிடக்கு. பாய் விக்கவோ கனடாவுக்கு வந்தனாங்கள்?”

அவருக்குப் பதில் சொல்வது சுலபம். எனக்குத்தான் சொல்ல முடியவில்லை. அது உன் ஆசையா, என் ஆசையா? ஒரு நாள்கூட அந்தப் பாயில் படுத்திராத நான் எப்படி விற்பேன்? அதோடு, அக்கா, வெறும் அறையைக் கண்டால் எனக்குப் பயம். ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள் நாங்கள். ஒவ்வொரு கதிரையாக, ஒவ்வொரு கோப்பையாக வாங்கி நிரப்பி, ‘இனி எங்களை ஒருவரும் இங்கிருந்து எழுப்ப முடியாது’ என்று இருந்தவர்கள். அதை நானே எடுத்து வெளியே வைப்பதா?

வைத்தேன்! இந்த ஜூலை முதலாம் திகதி செற்றியைத் தெருவோரம் இழுத்துவிட்டோம். நான் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பார்க்கிறேன், காணவில்லை. பிளாஸ்ரிக் உறையோடு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அன்ரன் ரீவியையும் தூக்கிக்கொண்டு பேஸ்மன்டுக்குக் குடிபெயர்ந்தார். மகள் அனுஷா மட்டும் பாயில் உருண்டு உருண்டு, “அம்மா, இங்கை டான்ஸ் ஆடலாம்!” என்றாள்.

இனித்தான் கதை. ஆவணியில் வருகிற மாதா திருநாளுக்கு முன்பு எங்கள் கோயில் பங்கில் மாதாவின் சின்னச் சிலை, அந்தச் சுருவம், வீடு வீடாகப் போகும், தெரியும்தானே. போன வெள்ளி எங்கள் முறை. நான் ஹோலை நீ சொல்லித் தந்தபடியே வைத்திருந்தேன். விரித்த பாய், ஒரு மெழுகுதிரி, சாடியில் ஒரேயொரு வெள்ளை லில்லி. எவ்வளவு அழகு!

செபக்குழுவுக்குத் தலைவியான ரீட்டா அக்கா சுருவத்தை அணைத்தபடி முதல் ஆளாக உள்ளே வந்தா. செற்றி கதிரை எடுத்த ஹோலைப் பார்த்தா. பாயைப் பார்த்தா. மெழுகுதிரியைப் பார்த்தா. வெள்ளைப் பூவைப் பார்த்தா.

“ஐயோ பிள்ளை! ஆரடி தவறிப்போனது?”

“ஒருத்தருமில்லை அக்கா...”

“மறைக்காதை. அன்ரன்ரை தாயோ?”

“இல்லையக்கா, இது ஜப்பான் முறை.”

“ஜப்பானிலை ஆரடி உங்களுக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்க முகத்தைப் பொத்தினேன். அதுதான் பிழை. நான் அழுகிறேன் என்று நினைத்து அவவும் அழத் தொடங்கினா. பின்னால் நின்ற ஒருத்தி வாசலிலேயே செல்போனை எடுத்துவிட்டாள். அரை மணித்தியாலத்தில் ரொக்ஸ்பரோ முழுக்கச் செய்தி. செத்தவீட்டில் உலை வைக்கக் கூடாது என்று சோறும் மரக்கறியும் சட்டி சட்டியாக வந்து இறங்குகின்றன. வேலை முடிந்து வந்த அன்ரனை வாசலில் ஒருவர் கட்டிப்பிடித்து, “மனதைத் தேற்று மச்சான், அம்மா நல்லாய் வாழ்ந்து முடிச்சவ” என்கிறார். அன்ரனுக்கு முகத்தில் இரத்தமில்லை. ஓடிப்போய் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் மாமியின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது.

“விடியமுன்னம் எழுப்பி, செத்துப்போனியோ எண்டு கேக்கிறாய். உனக்கு விசர் பிடிச்சிட்டுதோ?”

அக்கா, அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்! சுருவத்தை வைத்துக்கொண்டே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்ரன் என்னைப் பார்த்து, “உயிரோடை இருக்கிற மனுசியைச் சாகடிச்ச பாயடி இது” என்றார். ஆனால் அவரும் பாயில்தான் இருந்தார். வேறெங்கே இருப்பது?

எல்லோரும் பாயில் இருந்தார்கள். முன்பு எங்கள் வீட்டுச் செபமாலை என்றால் ஐந்து பேர் செற்றியில், மீதிப் பேர் படிக்கட்டில். அன்று அவ்வளவு சனமும் ஒரே வட்டத்தில் இருந்தது. முழங்கால் மடக்க ஏலாத ரீட்டா அக்கா மட்டும் குசினிக் கதிரையில் பிஷப் மாதிரி உயர இருந்தா. அவதான் கேட்டா.

“ஒருத்தரும் சாகேல்லை. அப்ப இண்டைக்குச் செபமாலையை ஆருக்கு ஒப்புக்குடுப்பம்?”

“என்ரை அக்காவுக்கு” என்றேன்.

ரீட்டா அக்கா சிலுவை அடையாளம் போட்டா. பிறகு செபமாலை தொடங்கியது. முடிந்தபிறகும் ஒருவரும் சப்பாத்தைத் தேடவில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கொண்டுவந்த சோற்றை அவர்களே போட்டுச் சாப்பிட்டார்கள். “உன்ரை அக்கா எப்பிடி ஆள், பிள்ளை?” என்று ரீட்டா அக்கா கேட்க, நான் கதைக்கத் தொடங்கினேன். கோணல் சுவர்களைச் சொன்னேன், ஓட்டைக் காலுறையைச் சொன்னேன், உருளைக்கிழங்கைச் சொன்னேன். மாசியில் நுனியில் இருந்துவிட்டுப் போன அதே ஆட்கள் உன்னை நினைத்துச் சிரித்தார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிள்ளைகள் பாயிலேயே நித்திரையாகிவிட்டார்கள். மொன்றியலில் உனக்குச் செத்தவீடு அன்றைக்குத்தான் நடந்தது, அக்கா. ரீட்டா அக்கா பிழையாகக் கேட்டாலும் சரியாகத்தான் கேட்டிருக்கிறா.

அவர்கள் போனபின் அந்த அறையைப் பார்த்தேன். கொஞ்சம் சோற்றுப் பருக்கை, ஒரு சின்னக் காலுறை. மற்றபடி வெறுமை. எனக்குப் பயம் வரவில்லை. இன்னும் எத்தனை பேர் இதில் இருக்கலாம் என்றுதான் கணக்குப் போட்டேன்! அன்று முதல்தரம் அந்தப் பாயில் படுத்தேன். நன்றாக நித்திரை வந்தது.

காலையில் மிசேலுக்குப் போன் அடித்தேன். பிரெஞ்சில் அழகாகச் சொல்ல எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேள்வியைக் கேட்டு முடித்ததும் என் வாயில் வந்தது “ஓம்” என்பதுதான். மறுபக்கத்தில் மெல்லச் சிரித்து, அவரும் “ஓம்” என்றார். அந்தச் சொல்லின் பொருளை நீ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்!

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில், மெட்ரோவுக்குக் கிட்ட, பழைய டெப்பனூர் பலசரக்குக் கடையொன்று காலியாகக் கிடக்கிறது. பெரிய கண்ணாடி முகப்பு. அங்கேயும் சுவர் நேராக இல்லை, பார்த்தவுடன் உன்னை நினைத்தேன். முதல் பனிக்கு முன் திறக்கிறோம். அன்ரன் சனிக்கிழமைகளில் வந்து பாய் தூக்குவாராம், “விக்க மாட்டன், தூக்குவன்” என்று நிபந்தனை. ரீட்டா அக்கா இப்போதே இரண்டு பாய்க்குச் சொல்லி வைத்துவிட்டா, “ஆனா கதிரையைப் பிறகுதான் எறிவன்” என்று.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. கடையின் ஒரு மூலையில், காலை மடக்க முடியாதவர்களுக்கு ஒரு குசினிக் கதிரை வைத்திருப்பேன். அது என் பங்கு. மற்றதெல்லாம் உன் முறைப்படிதான். வருகிறவர்களுக்கு முதலில் எதையும் காட்டமாட்டேன், சப்பாத்தைக் கழற்றிப் பாயில் சும்மா இருக்கச் சொல்வேன். திறக்கிற அன்று, கடை நிறையச் சனம் இருக்கும்போது போன் அடித்தால், எடுத்துச் சத்தமாக “ஓம்... ஓம்... ஓமப்பா” என்று சொல்வேன். யார் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் நிற்கட்டும். இது சத்தியம்.

செற்றி இல்லாத வீட்டிலிருந்து,
உன் கால் விறைத்த தங்கச்சி